நியூக்ளியர் மெடிசினா, அல்ட்ராசவுண்டா: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை முதல் பதிவு வரை ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இருந்து யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார்கள். "நீட் மார்க் பத்தலை. ஸ்கேன் எடுக்கிற படிப்புன்னு ஏதோ இருக்காமே, அதுல சேர்த்துவிடலாமா?" என்பதுதான் கேள்வி. நான் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், அதாவது நோயாளிக்குக் கொஞ்சம் கதிரியக்க மருந்து கொடுத்து, அது உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று படம் எடுப்பவர். அந்தப் படத்தை எடுக்கும் காமா கேமரா பக்கத்தில் பல வருடம் நின்றுவிட்டேன், மாணவர்களுக்கு மருந்து தயாரிக்கும் ஹாட் லேப் வேலையும் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் வருடா வருடம் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலும் பாடம் புரியாததால் விழுவதில்லை, வரிசை மாறிப் போவதால் விழுகிறார்கள். அதனால் எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் சட்டம், அப்புறம் படிப்பு

அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகளின் பல்கலைக்கழகங்களில் நியூக்ளியர் மெடிசினும், சோனோகிராபி என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படிப்பும் ஒரே துறையின் கீழ் அடுத்தடுத்த பட்டங்களாக இருக்கும். அங்கே சோனோகிராபர் என்றால் டாக்டர் இல்லை. உடம்பில் வைத்து ஒலி அலை அனுப்பும் புரோபைக் கையில் பிடித்து முழு ஸ்கேனையும் அவரே எடுப்பார், ரேடியாலஜிஸ்ட் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தருவார். இணையத்தில் நம் பிள்ளைகள் படிப்பது இந்த வேலையைப் பற்றித்தான்.

இந்தியாவில் நிலைமை வேறு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் 1994-இல் வந்து, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய எந்த அல்ட்ராசவுண்ட் கருவியும் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். அந்தக் கருவியில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கத் தகுதி உள்ளவர், பதிவு பெற்ற டாக்டர்தான். வெறும் எம்.பி.பி.எஸ். என்றால் அவரும் 6 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முதல் முறை குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. நம் பக்கத்தில் இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் 'டயக்னாஸ்டிக் மெடிக்கல் சோனோகிராபர்' என்ற பெயர் இருக்கிறது. அதைக் காட்டித்தான் சிலர் சேர்க்கை நடத்துகிறார்கள். பெயர் அந்தச் சட்டத்தில் இருக்கலாம். புரோபில் யார் கை வைக்கலாம் என்பதை முடிவு செய்வது இன்னொரு சட்டம். பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

மேலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் ஒரு வருட 'அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன்' டிப்ளமோ முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். படித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் கிடைத்தது நோயாளியைப் படுக்க வைப்பது, ஜெல் தடவுவது, படிவம் எழுதுவது, பிரிண்ட் எடுப்பது, அவ்வளவுதான். "நான் எப்பக்கா ஸ்கேன் எடுப்பேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலைப் பணம் கட்டும் முன் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம்.

அதனால் முதல் படியில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்:

இந்தியாவிலேயே வேலை பார்ப்பது உறுதி என்றால் நியூக்ளியர் மெடிசின் பக்கம் வாருங்கள். இங்கே டெக்னாலஜிஸ்ட் என்பது சட்டம் அங்கீகரிக்கும், தகுதி வரையறுக்கப்பட்ட முழு வேலை.

அல்ட்ராசவுண்ட் மேல்தான் ஆசை, ஆனால் ஊரை விட்டுப் போக முடியாது என்றால் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜியைப் பாருங்கள். இருதய டாக்டரின் மேற்பார்வையில் எக்கோ, அதாவது இருதயத்தின் அல்ட்ராசவுண்ட், எடுப்பது அந்தப் படிப்பின் பகுதி. ஒலி அலை, டாப்ளர் எல்லாம் அங்கே கைப்பழக்கமாகவே வந்துவிடும்.

சோனோகிராபராகத்தான் ஆக வேண்டும் என்றால், இங்கே ஒரு அடிப்படைப் பட்டம், அங்கே ஒரு அங்கீகாரம் பெற்ற படிப்பு என்று இரண்டு கட்டமாகத் திட்டமிடுங்கள். அதை 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. பத்தாவது முடித்ததுமே தெரிய வேண்டியது: குரூப்

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பிளஸ் டூவில் இருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தாலும் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். பதினோராம் வகுப்புச் சேர்க்கையிலேயே தீர்மானமாகிவிடும் விஷயம் இது.

கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்தான் என் விருப்பம். கணக்கு இல்லாத குரூப் படித்தவர்களும் சேரலாம், நன்றாகவும் வருகிறார்கள். ஆனால் முதல் செமஸ்டரில் லாகரிதம், எக்ஸ்பொனென்ஷியல் வரும்போது அவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். 5-ஆம் பகுதி முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

3. சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வையுங்கள்

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். இவை எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய் வரும். ரிசல்ட் வந்த பிறகு போனால் ஊரே அங்கே நிற்கும். ஏப்ரலில் போய்விடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு பெயரில்தான். ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம். பின்னாளில் டோஸிமீட்டர் (வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்) பதிவு, பாஸ்போர்ட், ஆணையப் பதிவு எல்லாம் இதே பெயரில்தான் நடக்கும். இப்போதே சரி செய்துவிட்டால் நாலு வருடம் கழித்து அலைய வேண்டாம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பள்ளியில் இருந்து டி.சி. வாங்கும்போதே அதற்கான படிப்புச் சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பணம் கட்டும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டை, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழு நடத்துகிறது. ஆன்லைன் விண்ணப்பம், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. எந்தக் கல்லூரியில் அந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பது அவர்கள் வெளியிடும் தகவல் கையேட்டில் இருக்கும். கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை விட அந்தக் கையேட்டை நம்புங்கள். வேலூர் சி.எம்.சி., கர்நாடகத்தின் மணிப்பால் போன்றவை பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிக்குத் தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அந்தக் கடைசித் தேதிகள் தேர்வுக்குழுவின் தேதிக்கு முன்பே முடிந்துவிடக்கூடும். எனவே இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள்.

கல்லூரிக்கு நேரில் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: "உங்கள் மாணவர்கள் பயிற்சி எடுக்கும் காமா கேமராவும், பெட் ஸ்கேனும் சி.டி.யும் சேர்ந்த பெட்-சி.டி. கருவியும் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றன? அந்தத் துறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா?" வாரியத்தை எல்லோரும் ஏ.இ.ஆர்.பி. என்றுதான் சொல்வோம். இந்த உரிமம் இல்லாத இடத்தில் ஒரு மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கூடக் கையாள முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் மாணவர் நாலு வருடமும் படம் பார்த்துத்தான் படிப்பார்.

அடுத்து, பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்று தெளிவாக எழுத்தில் வாங்குங்கள். 2021 சட்டப்படி 'ஹெல்த்கேர் புரொஃபஷனல்' என்ற நிலைக்குப் படிப்பு 3 முதல் 6 ஆண்டுக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் இருக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று விற்கப்படுபவை இந்தக் கணக்குக்கு வரவே வராது.

ஏற்கெனவே பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ முடித்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். காமராஜர் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களே நிறைய. அவர்கள் திரும்ப முதல் வருடத்தில் உட்கார வேண்டியதில்லை. மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ரேடியேஷன் மெடிசின் சென்டர் நடத்தும் டி.எம்.ஆர்.ஐ.டி. என்ற ஒரு வருட டிப்ளமோவுக்கு இந்தத் துறையில் பெரிய மரியாதை உண்டு. டெல்லி எய்ம்ஸில் எம்.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி இருக்கிறது. இரண்டுக்கும் அகில இந்தியப் போட்டி, இடங்கள் மிகக் குறைவு. பி.எஸ்சி. இறுதியாண்டிலேயே தயாராகத் தொடங்குங்கள்.

5. வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாதம்: அரை ஆயுள் கணக்கு

சேர்க்கைக்கும் வகுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களில் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வந்தால் போதும். ஒரு தேர்ச்சியான டெக்னாலஜிஸ்ட்டின் காலை நேரம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடும்.

அரை ஆயுள் என்றால் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். நாம் அதிகம் பயன்படுத்தும் கதிரியக்கப் பொருள் டெக்னீஷியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 6 மணிக்கு 400 மில்லிகியூரி இருந்தால் மதியம் 12 மணிக்கு 200, மாலை 6 மணிக்கு 100. இது எல்லோருக்கும் புரிந்துவிடும். தடுக்கி விழுவது நடுவில்தான்.

ஒரு நிஜக் காலையை எடுத்துக்கொள்வோம். எலும்பு ஸ்கேனுக்கான எம்.டி.பி. மருந்துக் குப்பி. காலை 7 மணிக்கு 5 மில்லியில் 100 மில்லிகியூரி, அதாவது ஒரு மில்லியில் 20. நோயாளி 10 மணிக்கு வருகிறார். அவருக்குத் தேவை 20 மில்லிகியூரி. எத்தனை மில்லி இழுப்பீர்கள்?

புதியவர்களில் பாதிப் பேர் இப்படிப் போடுவார்கள்: ஆறு மணி நேரத்தில் பாதி குறையும், அப்படியானால் மூன்று மணி நேரத்தில் கால் பங்கு குறையும். ஒரு மில்லியில் 15 இருக்கும். 20-ஐ 15-ஆல் வகுத்தால் 1.33 மில்லி.

இது தவறு. முதல் மூன்று மணி நேரத்தில் எந்தப் பங்கு மிஞ்சுகிறதோ, அடுத்த மூன்று மணி நேரத்திலும் அதே பங்கு மிஞ்ச வேண்டும். இரண்டையும் பெருக்கினால் பாதி வர வேண்டும். 0.75-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 0.56 வருகிறது, பாதி வரவில்லை. 0.707-ஐ அதாலேயே பெருக்கிப் பாருங்கள், 0.5 வரும். ஆக, 10 மணிக்கு ஒரு மில்லியில் இருப்பது 14.1 மில்லிகியூரி. இழுக்க வேண்டியது 1.42 மில்லி. வித்தியாசம் சின்னதுதான், இந்த ஒரு ஊசியில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் நேர்கோட்டில் குறைகிறது என்ற எண்ணம் மனதில் தங்கிவிட்டால் ஃப்ளூரின்-18 வரும்போது அது பெரிய தவறாகிவிடும்.

ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். பெட் ஸ்கேனுக்கான எஃப்.டி.ஜி. மருந்து இதில்தான் செய்யப்படுகிறது. ஃப்ளூரினை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் இடத்தில் இருந்து வண்டி வந்து சேர 3 மணி 40 நிமிடம் ஆனால், கிளம்பியதில் நாலில் ஒரு பங்குதான் கைக்கு வரும். வழியில் கூடுதலாக அரை மணி நேரம் வண்டி நின்றால் இருப்பதில் இன்னும் 17 விழுக்காடு போய்விடும். அன்றைய ஆறு நோயாளிகளில் கடைசி ஆளுக்கு மருந்து போதாமல் போவது இப்படித்தான். யாரை முதலில் கூப்பிடுவது, யாரை நாளை வரச் சொல்வது என்பதெல்லாம் இந்தக் கணக்கு தெரிந்தவரால்தான் முடிவு செய்ய முடியும்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: மாலிப்டினம்-99 66 மணி, அயோடின்-131 8 நாள், காலியம்-68 68 நிமிடம். ஒரு மில்லிகியூரி என்றால் 37 மெகாபெக்கரல். பத்து அரை ஆயுள் கழிந்தால் 1,024-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் டெக்னீஷியம் கழிவை 60 மணி நேரம் பூட்டி வைத்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே வெளியே விடுவோம்.

6. வீட்டில் உள்ளவர்களுக்கு: கதிர்வீச்சு பயம்

"பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு" என்று அம்மாக்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதைச் சேர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாதிப் படிப்பில் வீட்டார் பயந்து நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்களைச் சொல்கிறேன். கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு ஏ.இ.ஆர்.பி. வைத்திருக்கும் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 16 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 6 மட்டுமே. மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் உலகத்தில் எல்லோருக்கும் இயல்பாகக் கிடைப்பதே சராசரியாக ஆண்டுக்கு 2.4. ஒழுங்காக வேலை நடக்கும் துறையில் நாங்கள் வரம்பின் பக்கத்தில் கூடப் போவதில்லை.

கருத்தரித்தால் உடனே துறைத் தலைவரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் இருந்து குழந்தைக்கான வரம்பு மிச்சமுள்ள மாதங்கள் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட். அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுப்பார்கள். கூச்சப்பட்டு மூன்று மாதம் மறைப்பதுதான் ஆபத்து.

7. ஹாட் லேப்பில் முதல் வாரம்: எந்த வேலை எதற்கு முன்

கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் அறைதான் ஹாட் லேப். இங்கே வரிசை மாறினால் நோயாளிக்குக் காரணமே இல்லாமல் கதிர்வீச்சு கொடுத்தவர்களாகிவிடுவோம்.

உள்ளே நுழையும் முன், நீங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மார்பு உயரத்தில் மாட்டுங்கள். ஈய ஏப்ரன் போட்டால் பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும். உடம்புக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் தெரிய வேண்டும், ஏப்ரனுக்கு எவ்வளவு என்பது தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் வாசிப்புக்குப் போகும். வேலை முடிந்ததும் ஏப்ரனிலேயே மாட்டி ஹாட் லேப் கொக்கியில் தொங்கவிட்டுப் போவது மாணவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ராத்திரி முழுவதும் அது அங்கே கதிர்வீச்சு வாங்கும், மூன்று மாதம் கழித்து உங்கள் பெயருக்கு விசாரணைக் கடிதம் வரும். இன்னொருவர் பேட்ஜை மாட்டுவது அதை விட மோசம், இரண்டு பேரின் கணக்கும் கெட்டுப்போகும்.

அடுத்தது கருவிச் சோதனை. மருந்தில் எத்தனை மில்லிகியூரி என்று அளக்கும் டோஸ் கேலிபிரேட்டரை சீசியம்-137 மூலத்தை வைத்துச் சரிபாருங்கள். அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் நேற்றைக்கும் இன்றைக்கும் எண் மாறக் கூடாது. மாறினால் கோளாறு கருவியில்தான். காமா கேமராவில் கோபால்ட்-57 தகட்டை வைத்து எல்லா இடமும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பாருங்கள். இவை முடிந்த பிறகுதான் மருந்து. ஊசி போட்ட பிறகு கேமரா வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

பிறகு ஜெனரேட்டரில் இருந்து, அதாவது மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டிருக்கும் பெட்டியில் இருந்து, டெக்னீஷியம் கறப்பது. ஆமாம், கறப்பது என்றுதான் சொல்வோம். கறந்ததும் மாலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிகியூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் வரைதான் அனுமதி. இந்தச் சோதனை முடியும் முன், எம்.டி.பி. மாதிரி மருந்துப் பொடி இருக்கும் கிட் குப்பியில் கலந்துவிட்டால் அன்றைய மருந்து முழுவதையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

கை வேகம் பற்றி ஒரு வார்த்தை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒன்றாகும் என்று வகுப்பில் எழுதுவார்கள். லேப்பில் அதே பிள்ளைகள் குப்பியை விரலால் எடுப்பார்கள். இடுக்கி அதற்காகத்தான் இருக்கிறது. ஏப்ரன் போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் பெட் ஸ்கேன் பக்கத்தில் உதவாது. ஃப்ளூரினில் இருந்து வருவது 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாகக் குறைக்கவே சுமார் 4 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், ஏப்ரனில் இருப்பது அரை மில்லிமீட்டர். அங்கே டங்ஸ்டன் சிரிஞ்ச் கவசமும் கை வேகமும்தான் காப்பாற்றும்.

அந்த வேகம் வர நான் செய்யச் சொல்வது இது. சலைன் குப்பியில் ஒரு சொட்டு நீல மை விட்டு, மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, எல்-பென்ச் என்ற மேசைக் கவசத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி இடுக்கியால் குப்பியை எடுத்து, 1.4 மில்லி இழுத்து, ஊசியை மூடி, கவசத்தில் வைக்க வேண்டும். தாளில் ஒரு நீலப் புள்ளி விழுந்தாலும் முதலில் இருந்து. பத்து முறை தொடர்ந்து சுத்தமாகச் செய்த பிறகே நிஜக் குப்பி. கையுறையோடு கதவுப் பிடியைத் தொடுகிற, போனை எடுக்கிற பழக்கத்தையும் இந்த மைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு பையனின் காதில் நீலம் இருந்தது. அன்றோடு அவன் போனை லாக்கரில் வைக்கப் பழகிவிட்டான்.

8. நோயாளியிடம் கேட்கும் கேள்வி

எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் சேர்ந்த சர்க்கரை. நோயாளி 4 முதல் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், முந்தைய நாள் கடுமையான வேலையோ உடற்பயிற்சியோ கூடாது, ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கட்டிக்குப் போகாமல் தசைக்குப் போய்விடும், படம் கெட்டுவிடும்.

புதியவர்கள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லப்பா, வெறும் வயிறு" என்று பதில் வரும். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 220. விசாரித்தால், மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. நம் ஊரில் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அந்த அப்பத்தா பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. "அப்பத்தா, காலையில எந்திரிச்சதில இருந்து டீ, காபி, ஹார்லிக்ஸ், மிட்டாய் ஏதாவது வாயில போட்டீங்களா?" என்று கேளுங்கள். வெற்றிலையையும் கேளுங்கள். மெல்லும் தாடைத் தசை சர்க்கரையை இழுத்துப் படத்தில் பளிச்சென்று நிற்கும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். பேசினால் குரல்நாண் தசையில் மருந்து ஏறும்.

தைராய்டு ஸ்கேனுக்கு வருபவரிடம், சமீபத்தில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுத்தாரா என்று கேட்க வேண்டும். அந்த ஊசியில் உள்ள அயோடின் வாரக்கணக்கில் தைராய்டை அடைத்து வைத்திருக்கும். பெண்களிடம் கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்று கேட்பது எல்லா ஸ்கேனுக்கும் பொது. இதை மாமியார் முன்னாலோ வரிசையில் நிற்கும்போதோ கேட்காதீர்கள், உண்மை வராது. தனியே அழைத்துக் கேளுங்கள். எல்லாக் கேள்விகளும் மருந்தை இழுப்பதற்கு முன். இழுத்த பிறகு கேட்டால் சிரிஞ்ச் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும்.

9. சோனோகிராபி வழியில் போகிறவர்களுக்கு

இங்கே பி.எஸ்சி. ரேடியாலஜி இமேஜிங் அல்லது கார்டியாக் டெக்னாலஜி முடித்துவிட்டு வெளிநாடு போவது நடைமுறையில் இருக்கும் பாதை. போகும் நாட்டில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. அங்கீகாரம், இங்கிலாந்தில் 'கேஸ்' அமைப்பின் அங்கீகாரம். அமெரிக்காவில் வேலைக்குப் பெரும்பாலும் கேட்பது, சோனோகிராபர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் ஏ.ஆர்.டி.எம்.எஸ். அமைப்பின் பதிவு. அதற்கு ஒலி இயற்பியலும் கருவியும் சார்ந்த எஸ்.பி.ஐ. தேர்வு ஒன்று, வயிறு, மகப்பேறு மாதிரி ஒரு சிறப்புப் பிரிவுத் தேர்வு ஒன்று, இரண்டையும் 5 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

பலரும் இங்கேயே 'அனுபவச் சான்று' வாங்கிக்கொண்டு நேராகத் தேர்வு எழுதிவிடலாம் என்று நினைக்கிறார்கள். தாங்களே ஸ்கேன் எடுத்த அனுபவத்தைத்தான் அங்கே கேட்பார்கள். முதல் பகுதியில் சொன்ன சட்டத்தால் அந்த அனுபவம் இங்கே டாக்டர் அல்லாதவருக்குக் கிடைக்காது. போலியாகச் சான்று தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், தரும் டாக்டரும் வாங்கும் நீங்களும் சேர்ந்தே மாட்டுவீர்கள்.

இங்கே இருக்கும்போது சட்டத்துக்கு உட்பட்டுக் கற்க நிறைய இருக்கிறது. டாக்டர் ஸ்கேன் எடுக்கும்போது பக்கத்தில் நின்று, எந்த உறுப்புக்கு எந்த புரோப் எடுக்கிறார் என்று பாருங்கள். வயிற்றுக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப், தைராய்டுக்கு 7-க்கு மேல் நேர் புரோப். அதிர்வெண் (மெகாஹெர்ட்ஸ்) கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஆழம் போகாது. கருவி, திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர் என்று வைத்துக்கொண்டே ஆழத்தைக் கணக்கிடுகிறது. கொழுப்பில் வேகம் குறைவு என்பதால் உறுப்பு இடம் மாறித் தெரியும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால் எஸ்.பி.ஐ. பாடம் பாதி முடிந்த மாதிரி.

குறுக்குவெட்டு உடற்கூறியலை இப்போதே படியுங்கள். சி.டி. படங்களைத் தினம் பத்து பார்த்து, கல்லீரல், பித்தப்பை, கணையம், பெருநாடி என்று விரல் வைத்துச் சொல்லிப் பழகுங்கள். கணையத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மற்றவை எளிது. இந்தப் பயிற்சி நியூக்ளியர் மெடிசின் மாணவருக்கும் அப்படியே உதவும், பெட்-சி.டி.யில் பாதி சி.டி.தானே.

அப்புறம் தோள்பட்டை. கையை உடம்பில் இருந்து விலக்கி நீட்டியபடி நாள் முழுக்க புரோபை அழுத்துபவர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் சீக்கிரம் போய்விடும். கட்டிலை உயர்த்தி நோயாளியைப் பக்கத்தில் இழுத்துப் படுக்க வைக்கும் பழக்கம் முதல் நாளில் இருந்தே வர வேண்டும்.

10. இன்டர்ன்ஷிப், லாக் புக், பதிவு

செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கை அன்றன்றே எழுதி, அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு அலைந்திருக்கிறார்கள். எந்த ஸ்கேன், எந்த மருந்து, எத்தனை மில்லிகியூரி, ஊசி யார் போட்டது, என்ன பிரச்சினை வந்தது என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரி எண் போதும்.

இன்டர்ன்ஷிப்பில் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் அயோடின்-131 சிகிச்சை வார்டு. எல்லாத் துறையிலும் அது இருக்காது. உங்கள் துறையில் இல்லை என்றால் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரமாவது அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோயாளியின் வியர்வையும் சிறுநீரும் கூடக் கதிரியக்கமாக இருக்கும்போது எப்படி வேலை பார்ப்பது என்பதைப் புத்தகத்தில் இருந்து கற்க முடியாது.

பட்டம் கையில் வந்ததும் வரிசை இப்படி. முதலில் பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ். பிறகு துணை மருத்துவக் கவுன்சில் பதிவு. வேலையில் சேரும் ஆஸ்பத்திரி, ஏ.இ.ஆர்.பி.யின் இ-லோரா என்ற இணையதளத்தில் உங்களைக் கதிர்வீச்சுப் பணியாளராகச் சேர்க்கும். மாணவராக இருந்தபோது வாங்கிய டோஸ் விவரத்தை அப்போது கேட்டு வாங்கி ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் வாழ்நாள் கணக்கு அறுபடாமல் தொடர வேண்டும். சில வருட அனுபவத்துக்குப் பின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் (ஆர்.எஸ்.ஓ.) தேர்வை எழுதுங்கள். ஆர்.எஸ்.ஓ. இல்லாமல் எந்த நியூக்ளியர் மெடிசின் துறைக்கும் உரிமம் கிடையாது என்பதால், அந்தச் சான்று வைத்திருப்பவரை ஆஸ்பத்திரிகள் தேடும்.

முதல் வேலைக்கு நேர்காணல் போகும்போது பைலோடு அந்த லாக் புக்கையும் கையில் கொண்டு போங்கள். எங்கள் துறையில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். அதன் பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "7 மணிக்கு 100 மில்லிகியூரி, 10 மணிக்கு எவ்வளவு?" என்று கேட்பேன்.